வேலுத்தாய் கேட்ட பொங்கப்படி

பசுவந்தனை
12-8-1978

அக்கா செண்பகவல்லி அவர்களுக்கு, வன்னியபெருமாள் எழுதிக்கொண்டது.

பிலாய்க்குப் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. நான் ஸ்டேஷனுக்கு வராததைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் எழுதப் போவதில்லை. உழவு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தலைத்திவசத்துக்கு என்று வந்தீர்கள். வந்த இடத்தில் இரண்டரை மாதம் தங்கி, நம் தங்கச்சி வேலுத்தாயைக் கோவில்பட்டியில் பல குடித்தனம் இருக்கும் ஒரு வளவில் ஒற்றை அறையில் குடிவைத்துவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். அவளுக்கு வயசு முப்பத்தொன்று. பிறந்ததிலிருந்து வயசுக்கேற்ற புத்தி வளர்ச்சி இல்லை. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அவளைத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலையில் சேர்த்துவிட்டு, 'தனியாக இருந்து பழகட்டும்' என்கிறீர்கள். பழக்குவதற்கு அவள் என்ன வண்டிக் காளையா?

ஊரில் நான் தலைகாட்ட முடியவில்லை. நேற்று பஸ்ஸில் பக்கத்து வீட்டுக் கருத்தையா நாலு பேர் கேட்கக் கேட்கிறான்: "என்ன அண்ணாச்சி, தங்கச்சிய டவுன்ல கொண்டு தள்ளிட்டீங்களாமே? உங்கம்மா இருந்தா இது நடக்குமா?" நான் தள்ளினேனா? இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததற்கு எது காரணம் என்று உங்களுக்கும் தெரியும். அதற்காக அவளை ஒரு நாள் ஒரு சொல் சொல்லியிருப்பேனா? அம்மா போன பிறகு ஒரு வருஷம் நான்தான் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். கோணலாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் பின்னினேன்.

நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டுப் போன கெடுப்படி தை பிறக்கும் வரை பார்ப்பேன். பிறந்த அன்றே போய் அறையைக் காலி செய்து கூட்டி வந்துவிடுவேன். அதற்குப் பிறகு இதில் உங்கள் பேச்சு வேண்டாம்.

சோறு வடித்தால் பழக்கத்தில் இரண்டு ஆளுக்கு வடிந்துவிடுகிறது. மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறேன்.

வன்னியபெருமாள்


பிலாய்
21-8-1978

தம்பி வன்னியபெருமாளுக்கு அக்கா எழுதுவது.

நடை பழக்கிவிட்ட அக்காவை 'அவர்கள்' ஆக்கிவிட்டாய். சரி, கோபம் தீரும் வரை அப்படியே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மாவின் திவசத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். நீ பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாய். வேலுத்தாய்க்கு இலை போட்டுச் சோறு வைத்து அரைமணி நேரம் ஆயிற்று. சோற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசி முகத்தில் தெரிகிறது. நீ வந்து "சாப்பிடுட்டி" என்றாய். உடனே கையை வைத்தாள். பசித்தால் சாப்பிடலாம் என்று முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை. நாம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நாம் ரொம்ப நல்லவர்களாக இருந்துவிட்டோம், அதுதான் வந்த வினை.

நீ இருக்கும் வரை "சாப்பிடு" என்பாய். அதற்குப் பிறகு யார் சொல்வார்கள்? 

நான் ஆயா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வேலுத்தாய் மாதிரிப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். அங்கே பார்த்துப் படித்ததைத்தான் செய்தேன். குழாயில் தண்ணீர் பிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. முதல் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அடுத்த நாள் விரலை மட்டும் தொட்டேன். அப்புறம் பக்கத்தில் நின்றேன், அப்புறம் வாசலில், அப்புறம் தெருமுனையில். தினமும் ஓர் எட்டு பின்னால் போனேன். அடுப்புக்கும் அப்படி, பூட்டுக்கும் அப்படி, ரோட்டைத் தாண்டுவதற்கும் அப்படித்தான். கடைசி எட்டு பிலாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை வைக்கும்போது எனக்குக் கால் வரவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீதான் ஸ்டேஷனுக்கு வரவில்லையே.

பக்கத்து அறை வெயிலுகந்தம்மாளும் அதே தீப்பெட்டி ஆபீஸ்தான். தங்கமானவள். பார்த்துக்கொள்வாள். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறேன்: கூட நில், ஆனால் கையிலிருந்து வாங்கிச் செய்யாதே. உன்னிடமும் அதையே கேட்கிறேன். தை வரை கொடு. வாரச் சந்தைக்கு வருவாயே, வளவுக்கு எதிரே தங்கச்சாமி டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார். உள்ளே போகாதே. உன்னைப் பார்த்தால் இலை முன்னால் உட்கார்ந்த பழைய வேலுத்தாய் ஆகிவிடுவாள்.

இங்கே அத்தான் ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்கு வாய் திறக்க வேலையில்லை. பால்காரனிடம் இந்தியில் 'போதும்' என்பேன். சில நாள் அது ஒன்றுதான் பேச்சு. ஆகவே உன் கடிதம் திட்டுகிற கடிதமாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


பசுவந்தனை
5-10-1978

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக டீக்கடையில் உட்காருகிறேன். எதற்காக உட்காருகிறேன் என்று தங்கச்சாமிக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது.

"உள்ள போய்ப் பாக்கலாம்லா அண்ணாச்சி? இங்கன இருந்துக்கிட்டு என்னத்தப் பாக்குதீங்க?"

"எங்க அக்கா போகக்கூடாதுன்னு சொல்லிட்டா."

"அப்ப இன்னொரு டீ போடுதேன்."

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். பேச்சும் சிரிப்புமாக முன்னால் போய்விடுகிறார்கள். இவள் கடைசியில், சுவரைத் தொட்டுத் தொட்டு வருகிறாள். ரோட்டுக்கு வந்ததும் நிற்கிறாள். ஒரு மாட்டுவண்டி வெகு தூரத்தில் வந்தால்கூட அது தாண்டிப் போகும் வரை நிற்கிறாள். போன வாரம் பாதி டீ குடிக்கும் நேரம் நின்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் தாண்டிவிட்டாள். கடைக்குக் காலி டப்பாவை எடுத்துப்போய் நீட்டுகிறாள். கடைக்காரர் உள்ளே விரலை விட்டு முகர்ந்து பார்த்து, மல்லித்தூளா மிளகாய்த்தூளா என்று கண்டுபிடித்துப் போட்டுக் கொடுக்கிறார். இது உங்கள் ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும்.

நேற்று ஒரு முறுக்கு வாங்கி வாசல்படியில் உட்கார்ந்தாள். இரண்டாக உடைத்தாள். வீட்டில் எப்போதும் பாதியை எனக்குத் தருவாள். உடைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் இரண்டு பாதியையும் அவளே தின்றாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பசித்ததும் சாப்பிடுகிறாள், அதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் நீங்கள் செய்தது சரி என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். தலை அவளே பின்னிக்கொள்கிறாள் போலிருக்கிறது. நான் பின்னியதைவிட நேராக இருக்கிறது.

வன்னியபெருமாள்


பசுவந்தனை
24-11-1978

அக்கா,

இப்போது உனக்குச் சந்தோஷமா?

இரண்டு வாரம் விடாத மழை. கரிசல் பிடித்துக்கொண்டு ஊருக்குள் பஸ்ஸே வரவில்லை. மூன்றாம் வாரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடித்தேன். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் அவள் வரவில்லை. கதவில் வெளிப்பூட்டும் இல்லை. உன் பேச்சை மீறிப் போய்த் தட்டினேன். பதில் இல்லை. தங்கச்சாமியும் நானும் சேர்ந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தோம்.

மூன்று நாளாகக் காய்ச்சல். குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடு வெடித்துக் கிடந்தாள். நீ நம்பின வெயிலுகந்தம்மாள், மகள் பிரசவத்துக்குக் கழுகுமலை போய்விட்டாள். ஆபீஸில், அண்ணன் வந்து கூட்டிப்போயிருப்பான் என்று நினைத்திருக்கிறார்கள். சுற்றிலும் எட்டுக் குடும்பம் இருக்கிற வளவு. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "காய்ச்சல்னா கதவச் சாத்திட்டுப் படுக்கணும். அக்கா சொல்லிச்சு" என்றாள். சாத்திக்கொண்டு படுக்கச் சொல்லிக் கொடுத்தாய். சொன்னபடி செய்துவிட்டாள். யாரையாவது கூப்பிடு என்று மட்டும் சொல்லித் தரவில்லை. இதுவா நீ பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பு?

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அறையில் மூன்று நாள் கூடவே இருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்ததும் பாயைச் சுருட்டி, "கிளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றேன். அவள் பாயை வாங்கித் திரும்ப விரித்தாள்.

"தை வரல."

"ஏட்டி, செத்துப்போவ."

"தை பொறந்தாத்தான் அண்ணன் வருவான். அக்கா சொல்லிச்சு. தை வரல."

இழுத்துக்கொண்டு வந்திருக்க முடியும். இழுக்கவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரே இருட்டும் ஈரமும். எனக்கும் காய்ச்சல் வந்து படுத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

தைக்கு இன்னும் ஐம்பது நாள். அதோடு சரி.

வன்னியபெருமாள்


பிலாய்
3-12-1978

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அத்தான் கேன்டீனில் சாப்பிட்டார். நீ எழுதிய அத்தனையும் நியாயம். அவள் செத்துப்போயிருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை நம்பி விட்டேன். வெயிலுகந்தம்மாளுக்கு மகள் இருக்கிறாள், பிரசவம் வரும், அவளுக்கும் ஒரு வீடு வாசல் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையதுதான். அவளைத் திட்டிவிடாதே.

திருத்த முடிகிற தப்பு என்று நினைக்கிறேன். நீ மூன்று பேரிடம் போய்ப் பேச வேண்டும். காலையில் வேலுத்தாய் வேலைக்கு வரவில்லை என்றால் உடனே ஆள் அனுப்பிப் பார்க்கும்படி ஆபீஸ் கணக்கப்பிள்ளையிடம் சொல். விடிந்து கடையில் கூட்டம் குறைந்த பிறகும் கதவு திறக்கவில்லை என்றால் தங்கச்சாமி வந்து ஒரு குரல் கொடுக்கட்டும். வெயிலுகந்தம்மாள் ஊருக்குப் போனால் மறுபக்கத்து அறையில் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம், உடம்புக்கு முடியாவிட்டால் டம்ளரால் சுவரைத் தட்டச் சொல்லி நீயே பழக்கு. நீ சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள். அவள் தட்டத் தட்ட நீ போய் எட்டிப்பார். தட்டினால் ஆள் வரும் என்று அவளுக்கு நம்பிக்கை வரும் வரை செய்.

வீட்டில் இருந்தால் காய்ச்சல் வராது என்று நினைக்காதே. அம்மாவும் நீ இருந்த வீட்டில்தான் போனாள். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். நிஜம் என்பதால் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்.

அக்கா


பசுவந்தனை
8-1-1979

அக்காவுக்கு,

மூன்று பேரிடமும் பேசியாயிற்று. சுவர் தட்டவும் பழக்கிவிட்டேன். முதல் நாள் அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பதினேழு தடவை தட்டினாள், பதினேழு தடவையும் ஓடினேன். வெயிலுகந்தம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். நான் இதெல்லாம் செய்தது தை பிறக்கும் வரை அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

இப்போது ஒரு புதுக் கூத்து. போன வாரம் தங்கச்சாமி சொல்கிறான்: "அண்ணாச்சி, உங்க தங்கச்சி உங்கள பொங்கப்படி கொண்டாரச் சொல்லுதா."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கட்டிக்கொடுத்துத் தனிக்குடித்தனம் போன பெண்ணுக்குத்தானே பிறந்த வீட்டிலிருந்து பானையும் பச்சரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சள்கொத்தும் போகும்? இவளை யார் கட்டினார்கள்? வளவில் மற்றப் பெண்களுக்கு அண்ணன் தம்பிமார் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள், பாவம். கருத்தையாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப மாப்பிள யாருன்னு கேட்டியளா?" என்கிறான். அவன் வாயில் மண்ணைப் போட.

நான் ஒன்று நினைத்திருக்கிறேன். பொங்கலன்று விடிந்ததும் இங்கே நானே பொங்கி, சூடாகத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போய் அவளுக்குக் கொடுத்து, மத்தியான பஸ்ஸில் கூட்டி வந்துவிடுகிறேன். அன்று நல்ல சோறு சாப்பிட்டால் அடம்பிடிக்க மாட்டாள். அவள் படுக்கும் மூலைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

கெடு முடிகிறது. நீயே வைத்த கெடு என்று அவளே சொல்கிறாள். இனி நீ குறுக்கே வரக்கூடாது.

தம்பி


பசுவந்தனை
17-1-1979

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொங்கலன்று பத்து மணிக்குத் தூக்குச்சட்டியோடு வளவுக்குப் போனேன். முற்றத்தில் எல்லா வாசலிலும் பானை பொங்கி முடிந்திருந்தது. இவள் வாசலில் மட்டும் சாணம் தெளித்து, மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்து, பக்கத்தில் விறகை ஒடித்து அடுக்கியிருந்தது. பானை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு, செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். மூடினாள். என் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டாள்.

"இது வெந்துருக்கு" என்றாள்.

"ஆமா தாயி, நெய்யெல்லாம் ஊத்தியிருக்கேன். சாப்பிடு."

"சோறு நான் பொங்குவேன்லா. படி எங்க?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. என் கைக்குப் பின்னால் பார்த்தாள், என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள், யாராவது சுமந்து வருகிறார்களோ என்று. அப்புறம் செங்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

வெயிலுகந்தம்மாள்தான் மெல்லச் சொன்னாள். "ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுதா அண்ணாச்சி, எங்க அண்ணன் படி கொண்டாருவான்னு. இங்கன உள்ள எல்லாருக்கும் அவிய அவிய வீட்டுல இருந்து வந்தாச்சு. காலையில என் பானையில பொங்குன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. நீங்க வெந்த சோறக் கொண்டாந்து நீட்டுதீங்களே, அவ என்ன பிச்சைக்கா உக்காந்திருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் அவளுக்குச் சோறு போட்டது நம் வீடு. அது தவிர வேறு ஒன்றையும் அவளுக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தூக்குச்சட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தேன். பொங்கலன்று எந்தக் கடை திறந்திருக்கும்? பானை விற்கிறவர் மிச்சத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். விளிம்பில் லேசாக விரிசல் விட்ட பானை ஒன்றுதான் கிடைத்தது. ஒரு மளிகைக் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, பச்சரிசியும் வெல்லமும் பாசிப்பருப்பும் வாங்கினேன். கரும்பு கட்டாக இல்லை, ஒரே ஒரு கழி. மஞ்சள்கொத்து வாடியது. எல்லாவற்றையும் தோளிலும் தலையிலுமாகச் சுமந்துகொண்டு வளவுக்குள் நுழைந்தேன். பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

அவள் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பானைக்கு மஞ்சளைக் கட்டினாள். அடுப்பை அவளே பற்றவைத்தாள். உச்சி வெயில். மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்ட நேரம். பால் பொங்கியதும் வெயிலுகந்தம்மாள் குலவையிட, இரண்டு மூன்று பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடி பிடிக்கிற வாசனை வந்ததும் நான் அகப்பைக்குக் கை நீட்டினேன். வெயிலுகந்தம்மாள் கண்ணாலேயே என்னை உட்கார வைத்துவிட்டாள். அடி பிடித்தேவிட்டது.

எனக்கு முதல் இலை போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "தை பொறந்துட்டு, வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும்.

"இது வீடு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சாயங்காலம் யாரும் எங்கூடப் பேச மாட்டாங்க."

"எனக்கும் அப்படித்தான் தாயி."

அதை யோசித்துப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம ஆபீஸ் லீவு. அப்ப வா" என்றாள்.

பிறகு என் தூக்குச்சட்டியை எடுத்து, நான் கொண்டுபோனதை வேறு ஏனத்தில் தட்டிவிட்டு, அவள் பொங்கியதை அதில் நிறைத்தாள். "பஸ்ஸு போயிரும்" என்று என்னைக் கிளப்பிவிட்டாள். சாயங்கால பஸ்ஸில் மடியில் அதை வைத்துக்கொண்டு நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன்.

அறையைக் காலி செய்யவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுத வேண்டும். ஆனால் நம்மில் யாரும் ஜெயித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு ஆளுக்குச் சோறு வடிக்காமல், தூக்குச்சட்டியில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

தம்பி


பிலாய்
25-1-1979

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "இது வீடு" என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவரே வாங்கி வாசித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போ. காலையிலேயே போய்விடாதே, அவள் துணி துவைத்து முடிக்கட்டும். கேட்டுவிட்டு உள்ளே போ. கையில் முறுக்கு வாங்கிப்போ, சோறு வேண்டாம்.

இப்போது என் விஷயம் ஒன்று எழுதுகிறேன். எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

எனக்குத் தலைப்பொங்கலுக்குப் படி வந்தது. அப்போது திருநெல்வேலியில் இருந்தோம், அம்மாவே கொண்டுவந்தாள். பிலாய்க்கு வந்து பதினான்கு வருஷம், ஒன்றும் வரவில்லை. முதல் வருஷம் அம்மா கேட்டு எழுதினாள். 'இவ்வளவு தூரம் எதற்கு, இங்கே எல்லாம் கிடைக்கிறது' என்று நானே பதில் போட்டேன். பெருமைக்காகப் போட்ட பதில். நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள். இங்கே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பம் ஏழு இருக்கிறது. தை வந்தால் யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். என் தம்பி ரயில் பார்சலில் போட்டிருக்கிறான், இன்னும் வந்து சேரவில்லை என்று நான் சொல்வேன். பதினான்கு வருஷமாக அதே பார்சல். இந்த வருஷமும் சொன்னேன். அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். முகம் கோணாமல் கேட்டுக்கொள்கிறார்கள்.

உன் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவள் என்று அவளை எழுதினாயே, அவள் ஆள் விட்டுக் கேட்டாள். கிடைக்காதபோது செங்கல்லைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்லை.

கேட்கிறேன். தை முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பானை வேண்டாம், வழியில் உடைந்துவிடும். இரண்டு படி பச்சரிசி போதும். வேலுத்தாய்க்கு ஆபீஸில் லீவு கிடைக்காது. மாட்டைக் கருத்தையா வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் வா.

அக்கா